பரணில் கிடைத்த வில்லுக்குப் புது லிம்ப் போடலாமா?

போன மாதம் கட்டபெட்டிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியன் வேலை. பழைய பங்களாவில் வயரிங் மாற்றப் பரணில் ஏறியபோது கிடைத்தது, மேனேஜரே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று சொல்லி ஒரு நீளமான கேன்வாஸ் பையைத் திண்ணையில் வைத்தார். உள்ளே மூன்று துண்டுகளாக, நுனிகள் முன்னோக்கி வளைந்த ஒரு ரீகர்வ் வில். நடுவில் கனமான உலோகக் கைப்பிடி (ரைசர்), பழைய ஃபிளானல் துணியில் சுற்றிய, வளைகிற தகடுகளான இரண்டு லிம்புகள், கூடவே சுருட்டி வைத்த ஒரு நாண். கீழ் லிம்பின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்டில் கையால் எழுதியிருந்தது: 68 அங்குலம், 42 பவுண்டு.

“அண்ணே, இதுக்குப் புது லிம்ப் வாங்கிப் போட்டா ஆகுமா? இல்ல மொத்தமா புதுசே வாங்கிடலாமா? பாப்பாவுக்கும் பழக்கணும்னு ஆசை.”

இதே கேள்வியோடு குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கொடைக்கானலிலிருந்து போனில் கேட்கிறார்கள். சிலரிடம் பழைய வில் இருக்கிறது, சிலர் புது ரைசர் வாங்கிவிட்டுப் பழைய லிம்ப் மலிவாகக் கிடைக்குமா என்று தேடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எல்லோரும் ஒரே வரிசையில் யோசிக்கலாம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

டேக்டவுன் என்பது கழற்றி மாட்டும் வில். நடுக் கைப்பிடிக்கு ரைசர் என்று பெயர். மேலும் கீழும் வளைகிற தகடுகள் லிம்ப். இடக்கை, வலக்கை வித்தியாசம் ரைசருக்கு மட்டும்தான். லிம்ப் இருவருக்கும் ஒன்றே. பலர் இது தெரியாமல் நல்ல லிம்பை “இடக்கைக்காரருடையது” என்று வேண்டாமென்று சொல்லிவிடுகிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது இணைப்பை. லிம்ப் ரைசரில் உட்காரும் இடம் எந்த வகை என்பதுதான் பாதி முடிவைச் சொல்லிவிடும். பிராண்டு, வயது, விலை எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டாவது லிம்பின் நிலை. ரைசர் ஒரு தலைமுறை தாங்கும், லிம்ப் தேய்கிற பொருள். மூன்றாவது, நாணை இழுக்கும்போது விரலில் எத்தனை பவுண்டு எடை வருகிறது, அது இழுக்கப்போகிறவருக்கு ஏற்றதா என்பது. நான்காவது, நாளைக்கு ஒரு லிம்ப் உடைந்தால் இன்னொன்று கிடைக்குமா என்பது.

ஐந்தாவது நம் நீலகிரிக்கே உரியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மழைமாதங்களில் பீரோவுக்குள் இருக்கிற தோல் பெல்ட்கூடப் பூஞ்சை பிடிக்கிறது. அதே வில்லைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் ஏப்ரல் வெயிலில் டிக்கி அடுப்பாகிவிடும். ஈரத்தில் ஊறி, சூட்டில் காய்ந்து, மறுபடி குளிரில் ஏறுகிற இந்த மாற்றத்தைப் பழைய பசை எவ்வளவு தாங்கும் என்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறாவதுதான் செலவு. அதை லிம்பின் விலையாக மட்டும் பார்க்கக் கூடாது. கூடவே வருகிற சின்னச் சின்னச் செலவுகளைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

இணைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்

லிம்பைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனியில் ஆங்கில யு எழுத்து மாதிரி ஒரு வெட்டு, அதிலிருந்து சற்றுத் தள்ளி ஓர் உலோகக் குமிழ் இருந்தால் அது பெரும்பாலும் ஐஎல்எஃப் (International Limb Fitting). அந்தக் குமிழைத்தான் டவ்டெயில் என்கிறோம். ரைசரின் பள்ளத்தில் அது சறுக்கி உட்காரும், யு வெட்டு போல்ட்டின் தலைக்கு அடியில் போய் நிற்கும். சரியாக உட்கார்ந்தால் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். 1980களில் ஹோய்ட் கொண்டுவந்த இந்த முறையை மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டதால், இன்று ஒரு நாட்டு ரைசரில் இன்னொரு நாட்டு லிம்ப் மாட்ட முடிகிறது. ஹோய்ட் தன் ஐஎல்எஃப் வரிசைக்குக் கிராண்ட் பிரீ என்ற பெயரும் வைத்திருக்கிறது. பெயர் வேறு என்று குழம்ப வேண்டாம்.

குழம்ப வேண்டிய இடம் வேறு. அதே ஹோய்ட் பின்னாளில் ஃபார்முலா என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. பார்க்க ஐஎல்எஃப் மாதிரியே இருக்கும், ஆனால் டவ்டெயிலுக்கும் போல்ட்டுக்கும் நடுவே தூரம் அதிகம். ஐஎல்எஃப் ரைசரில் ஃபார்முலா லிம்ப் உட்காராது, ஃபார்முலா ரைசரில் ஐஎல்எஃப் லிம்பும் உட்காராது. கூடலூர் நண்பர் ஒருவர் படத்தை மட்டும் பார்த்து ஒரு ஜோடி ஃபார்முலா லிம்ப் வாங்கிவிட்டார். ‘எல்லா ரைசருக்கும் பொருந்தும்’ என்று விற்றவர் எழுதியிருந்தார். ஒன்றரை மாதம் காத்திருந்து வந்த பார்சல், திருப்பி அனுப்பும் செலவுக்குப் பயந்து இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. வாங்குமுன் அடிப்பக்கப் படத்தை ஒரு ஸ்கேலை வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை போல்ட் இணைப்பு. லிம்பில் முழு ஓட்டை இருக்கும். அதன் வழியாகப் போல்ட்டைப் போட்டுக் கையாலேயே திருகி இறுக்குவோம், திரும்பாமல் இருக்க ஒரு சின்னப் பின் இருக்கும். சாமிக் சேஜ் இந்த வகையில் பிரபலம், 62 அங்குல வில். அதன் அளவைப் பார்த்துப் பலர் வில் செய்கிறார்கள். அதனால் ஒன்றின் லிம்ப் இன்னொன்றில் பல சமயம் பொருந்தும், சில சமயம் பின் ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். அந்த அரை மில்லிமீட்டர் லிம்பின் நுனியில் பல மில்லிமீட்டர் கோணலாகத் தெரியும்.

நான்காவது, பேர் (Bear) என்ற கம்பெனியின் டேக்டவுன். ஃபிரெட் பேர் வடிவமைத்தது. போல்ட்டே கிடையாது, ஒரு உலோகத் தாழைத் தூக்கி லிம்பை வைத்து மூட வேண்டியதுதான். ஏ, பி என்று ரைசருக்குப் பெயர், லிம்புக்கு 1, 2, 3 என்று எண். ஏ ரைசரில் 1-ஆம் எண் லிம்ப் போட்டால் 56 அங்குலம், 3-ஆம் எண் போட்டால் 60. பி ரைசரில் அவையே 60, 64 ஆகும். ஆக, கலந்து மாட்டுவதற்கென்றே அவர் யோசித்துச் செய்த வில் இது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் மட்டும்தான்.

இவை எதிலும் சேராதவை ஐந்தாவது வகை. 1970களில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் இணைப்பை வைத்திருந்தது. கட்டபெட்டுத் தம்பியின் வில் அந்த வகை. யமஹா நல்ல வில் செய்த கம்பெனி, 2002-ல் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. அப்படித் தயாரிப்பு நின்றுபோன வில்லுக்குத் தனி இணைப்பும் இருந்தால் இன்னொரு பழைய வில்தான் உதிரி.

வழி 1: பழைய வில்லை முழுதாக அப்படியே வைத்துக்கொள்வது

ரைசரும் லிம்பும் ஒன்றாகப் பிறந்தவை என்பதால் இணைப்புப் பிரச்சினை இல்லை. லிம்பின் உடல்நிலைதான் கேள்வி. தம்பியின் வில்லைப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் வீட்டில் செய்யலாம்.

லிம்பை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தோம். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ஓரம் முழுக்க, இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தேன். ஃபைபர் கிளாஸ் தூக்கியிருந்தால் பஞ்சு அங்கே மாட்டிக்கொண்டு நூல் நூலாக நிற்கும். மேல் லிம்பில் எதுவும் மாட்டவில்லை. கீழ் லிம்பில் ஓரிடத்தில் லேசாக இழுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய கீறல்தான், பிரிவு இல்லை. அப்புறம் மேற்பரப்பு. நீளவாக்கில் ஓடுகிற மெல்லிய மயிர்க்கோடுகள் பழைய லிம்பில் சாதாரணம், பெரும்பாலும் மேல்பூச்சோடு நிற்கும். குறுக்குவாக்கில் ஒரு கோடு இருந்தால் அந்த லிம்பை இழுக்கவே கூடாது. நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது நகத்துக்குத் தெரியும். கடைசியாக அடுக்குகள் சேரும் ஓரப்பசைக் கோடு. அது வெளுத்தோ வாய் பிளந்தோ இருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

ரைசரை மறந்துவிடக் கூடாது. அந்தக் காலத்து உலோக ரைசர்களில் பல மெக்னீசிய வார்ப்பு. பெயின்டுக்கு அடியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப்பொடி, லிம்ப் உட்காரும் பள்ளத்தின் மூலையில் விரிசல், இரண்டையும் தேடுங்கள். எஃகு போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் சுத்தியலை எடுக்க வேண்டாம். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் திருப்புங்கள்.

நாணேற்றியதும் வில்லைப் பின்னாலிருந்து, நாணின் கோட்டிலேயே பார்க்க வேண்டும். நாண் இரண்டு லிம்பையும் நடுவே பிளந்துகொண்டு போனால் சரி. நுனி ஒரு பக்கம் திரும்பியிருந்தால் முறுக்கு விழுந்திருக்கிறது. தம்பியின் வில் நேராக நின்றது. பவுண்டை அளக்க இலை எடை போடும் தொங்கு தராசைக் கொண்டுவந்தார். அந்தக் கொக்கியில் நாணை மாட்டி 28 அங்குலம் வரை வில்லைக் கீழே இழுத்தோம், 18 கிலோ காட்டியது. ஏறத்தாழ 40 பவுண்டு. எழுதியிருந்த 42-க்கு இவ்வளவு காலம் கழித்து இரண்டு குறைந்திருப்பது நல்ல லிம்புக்கு அடையாளம்.

இந்த வழியில் ஒரே ஒரு விதியை மீறவே கூடாது. நாண் டேக்ரான் நூலில் இருக்க வேண்டும். ஃபாஸ்ட் ஃப்ளைட் போன்ற புது நூல்கள் நீளாது. அம்பு விடுபடும் கணத்தில் அந்த அதிர்ச்சி முழுதும் லிம்பின் நுனிக்குப் போகும். பழைய வில்களின் நுனி அதற்காக வலுவூட்டப்பட்டதல்ல. டேக்ரான் கொஞ்சம் நீண்டு கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும். 2012-ல் ஒரு மரக் கைப்பிடி டேக்டவுனுக்கு, எந்த வில்லுக்கும் ஆகும் என்று ஒருவர் கொடுத்த ஃபாஸ்ட் ஃப்ளைட் நாணை மாட்டினேன். மூன்றாம் நாள் மேல் நுனியை நாண் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு வந்தது. கன்னத்தில் பட்டது, கண்ணில் படவில்லை. அந்த லிம்புக்கு ஜோடி இன்றுவரை கிடைக்கவில்லை.

யாருக்கு இந்த வழி? ஏற்கெனவே வில் பழகியவருக்கு, 15, 20 மீட்டரில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு அம்பு விட ஆசைப்படுபவருக்கு. வீட்டுப் பெரியவரின் வில் என்றால் அதற்குமேல் காரணம் வேண்டாம். இந்த மலையில் வில்லுக்கு அப்படியொரு இடம் உண்டு. தோடர்களிடம் கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்தில் கணவன் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு இருக்கிறது. அந்த வில்லைக் கொடுத்தவர்தான் குழந்தைக்குத் தகப்பன் என்று ஊர் ஏற்கும். ஒரு வில்லை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்கிற ஆசையை நான் குறைவாக நினைப்பதில்லை.

புதிதாகக் கற்பவருக்கு மட்டும் இது ஆகாது. பழைய வில்கள் பெரும்பாலும் 40 பவுண்டும் அதற்கு மேலும். தோள் போய்விடும்.

வழி 2: பழைய ரைசர், புதிய லிம்ப்

ரைசர் ஐஎல்எஃப் என்றால் நான் மனமார ஆதரிக்கிற கலப்பு இதுதான். தேய்கிற பாகம் புதிது, தேயாத பாகம் பழையது. பத்து இருபது வருடம் முந்தைய நல்ல கம்பெனி ரைசர், இன்றைய தொடக்கநிலை ரைசரை விட நேராகவும் உறுதியாகவும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 24 பவுண்டில் ஆரம்பித்து 28, 32 என்று லிம்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஐஎல்எஃப் லிம்பில் எழுதியிருக்கும் பவுண்டு, 25 அங்குல ரைசரில் மாட்டி 28 அங்குலம் இழுத்தால் வருவது. ரைசர் 23 அங்குலமானால் அதே லிம்ப் சுமார் 2 பவுண்டு கூடும், 27 ஆனால் சுமார் 2 குறையும். வில்லின் நீளமும் இப்படியே: 25 அங்குல ரைசரில் ஷார்ட் லிம்ப் 66, மீடியம் 68, லாங் 70. பழைய ரைசரில் இன்னொரு விஷயமும் சேரும். லிம்ப் உட்காரும் பள்ளத்தின் கோணம் எல்லா ரைசரிலும் ஒன்றல்ல. கோணம் கொஞ்சம் செங்குத்தாக இருந்தால் எழுதியதை விட மூன்று நான்கு பவுண்டு அதிகம் வரும், போல்ட்டை வெளியே திருப்பிக் குறைக்கலாம் என்று பார்த்தால் போதாது. போல்ட்டில் மொத்தமாகக் கிடைப்பது பத்து சதவீதம் அளவுதான். அதற்கு மேல் வெளியே திருப்பினால் மரை பிடிமானம் இல்லாமல் லிம்ப் பறந்துவிடும். ஆகவே பழைய ரைசருக்கு லிம்ப் வாங்கும்போது உங்களுக்கு வேண்டியதை விட ஒரு படி குறைவாக வாங்குங்கள்.

மாட்டியதும் லிம்ப் ஆடுகிறதா என்று பாருங்கள். நாணேற்றாமல் லிம்பைப் பக்கவாட்டில் அசைத்தால் தேய்ந்த பள்ளத்தில் கடகடவென்று ஆடும். மெல்லிய ஆட்டம் நாணேற்றினால் நின்றுவிடும். அம்பு விட்ட பிறகும் லிம்ப் இடம் மாறியிருந்தால் ரைசரின் ஆயுள் முடிந்தது.

ஐஎல்எஃப் அல்லாத ரைசர் என்றால்? பேர் ரைசருக்கு அதன் குடும்ப லிம்ப் வாங்கலாம், தாழ் இடைவெளி இல்லாமல் மூடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சேஜ் வகைக்கும் அதன் லிம்ப் எளிதில் கிடைக்கும். தனி இணைப்புள்ள 1970களின் ரைசரை லேத்தில் கொடுத்துக் கடைந்து ஐஎல்எஃப் ஆக்கலாமா என்று கேட்கிறார்கள். செய்யாதீர்கள். லிம்பில் புது ஓட்டை போடுவதும் வேண்டவே வேண்டாம். லிம்பின் பலம் நீளவாக்கில் ஓடுகிற இழைகளில் இருக்கிறது. ஓட்டை அந்த இழைகளை அறுக்கிறது. அது உடைவது உங்கள் முகத்திலிருந்து இரண்டடி தூரத்தில்.

வழி 3: புதிய ரைசர், பழைய லிம்ப்

மலிவாக இருக்கிறதே என்று பலர் போகிற வழி. நான்கில் எனக்கு நம்பிக்கை குறைவானது இது. வாழ்க்கை முடியும் நிலையில் இருக்கும் பாகத்தைப் புது ரைசரில் மாட்டுகிறோம்.

இதிலும் ஒரு நல்ல வகை உண்டு. ஓரிரண்டு வருடம் பயன்படுத்திய ஐஎல்எஃப் லிம்புகள். வளரும் பிள்ளைகள் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பவுண்டு ஏற்றிக்கொண்டே போவதால் 18, 20, 22 பவுண்டு லிம்புகள் அதிகம் தேயாமலே கைமாறும். அவற்றைத் தயங்காமல் வாங்கலாம். பஞ்சுச் சோதனை, முறுக்குச் சோதனை இரண்டையும் செய்த பிறகு. ஒரு வீடு, ஒரு ரைசர், பிள்ளைக்கு ஒரு ஜோடி, அப்பாவுக்கு ஒரு ஜோடி என்பதுதான் கழற்றி மாட்டும் வில்லின் பெரிய வசதி.

முப்பது வருட லிம்ப் என்றால் வேறு கதை. எந்தக் காரின் டிக்கியில் எத்தனை கோடை இருந்தது என்பது தெரியாது. நாணேற்றிய நிலையிலேயே சுவரில் தொங்கியதா என்பதும் தெரியாது. மேல் லிம்ப் ஒரு வில்லிலிருந்தும் கீழ் லிம்ப் இன்னொன்றிலிருந்தும் வந்தால், எண்கள் ஒன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். லிம்புகள் ஜோடியாகத்தான் தேர்ந்தெடுத்து அனுப்பப்படுகின்றன. ஜோடி பிரிந்தவை ஒரே வேகத்தில் திரும்பாது, அம்பு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு போகும்.

வழி 4: முழுக்கப் புதியது

போட்டிக்குப் போக நினைக்கிற பிள்ளை என்றால் வேறு வழியைத் தேட வேண்டாம், 25 அல்லது 23 அங்குல ஐஎல்எஃப் ரைசரும் குறைந்த பவுண்டு லிம்பும் வாங்குங்கள். ஒலிம்பிக் ரீகர்வ் 70 மீட்டர், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 60 மீட்டர். அந்தத் தூரத்துக்கு சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் நிறுத்தும் கம்பி), பிளஞ்சர் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பின்), கிளிக்கர் (முழு இழுவை வந்ததும் சத்தம் தரும் தகடு) எல்லாம் வேண்டும். புது ரைசரில் அவற்றின் ஓட்டைகள் எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும்: ஸ்டெபிலைசருக்கும் பிளஞ்சருக்கும் 5/16-24 மரை, சைட்டுக்கு 10-24.

நம் ஈரத்துக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. மர நடு உள்ள லிம்பை விட ஃபோம் நடுவும் கார்பனும் சேர்ந்த லிம்ப் ஈரத்தைக் குறைவாகவே கண்டுகொள்ளும். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் அதற்குப் பணம் போட வேண்டாம். அந்த லிம்பை ஆறு மாதத்தில் மாற்றப்போகிறீர்கள்.

பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் ஐஎல்எஃப் கட்டாயமில்லை. சேஜ் வகைப் போல்ட் வில் எளிது, இலேசு, கருவி இல்லாமல் மாட்டலாம். ஆனால் பவுண்டைக் கூட்டிக் குறைக்கவோ டில்லரை (மேல், கீழ் லிம்புகளின் சமநிலையை) திருத்தவோ அதில் முடியாது. ஒரு வருடம் கழித்து ஆர்வம் ஏறினால் மொத்தத்தையும் விற்றுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் இன்றே கணக்கில் வையுங்கள்.

ஒரே பார்வையில்

| | பழையது முழுதாக | பழைய ரைசர் + புது லிம்ப் | புது ரைசர் + பழைய லிம்ப் | முழுக்கப் புதியது |
|---|---|---|---|---|
| இணைப்பு | பிரச்சினை இல்லை | ஐஎல்எஃப் அல்லது அதே குடும்பம் என்றால் மட்டும் | அடிப்பக்கம் பார்க்காமல் வாங்கக் கூடாது | பிரச்சினை இல்லை |
| உடையும் அபாயம் | லிம்பின் நிலையைப் பொறுத்தது | குறைவு | வயதான லிம்பில் அதிகம் | மிகக் குறைவு |
| பவுண்டு | பெரும்பாலும் அதிகம் | எழுதியதை விடக் கூடலாம் | தராசில் அளந்தே தெரியும் | 25 அங்குல ரைசரில் எழுதியபடி |
| நாண் | டேக்ரான் மட்டும் | லிம்ப் கம்பெனி சொல்வது | சந்தேகமென்றால் டேக்ரான் | லிம்ப் கம்பெனி சொல்வது |
| உதிரி | கிடைப்பது கடினம் | லிம்புக்கு எளிது | ரைசருக்கு எளிது | எளிது |
| யாருக்கு | பழகியவர், குடும்ப வில் வைத்திருப்பவர் | பொறுமையாக முன்னேறுபவர் | நம்பகமானவரிடம் வாங்கும் பெற்றோர் | போட்டி, முதல் வில் |

கண்ணில் படாத செலவுகள்

அம்புதான் முதலிடம். லிம்ப் ஐந்தாறு பவுண்டு மாறினால் அம்பின் விறைப்பும் ஒரு படி மாற வேண்டும். அந்த விறைப்பைக் காட்டுவது ஸ்பைன் எண், அது குறையக் குறைய அம்பு விறைப்பு. பழைய மர ரைசர் என்றால் அம்பு உட்காரும் சன்னல் நடுக்கோடு வரை வெட்டப்பட்டிருக்காது. அம்பு கைப்பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதற்கு நெகிழ்வான அம்பு தேவை. அதே பவுண்டுள்ள புது ரைசரின் அம்பு அதில் இடப்பக்கம் விலகும், வலக்கைக்காரருக்கு. அம்பைத் தாங்கும் ரெஸ்ட் இல்லாமல் கைப்பிடியின் மேலேயே அம்பை வைத்து விடும் வில் என்றால் பிளாஸ்டிக் சிறகு உராயும். உண்மையான இறகு வைத்த அம்பு வேண்டும். லிம்பில் மிச்சம் பிடித்த பணம் அரை டஜன் அம்பில் போய்விடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது நாண். கலப்பு வில்லின் நீளம் 65, 67 என்று நடுவில் வந்து நின்றால் கடையில் தயாராக இருக்கும் நாண் சரியாக வராது. கைப்பிடியிலிருந்து நாண் வரையுள்ள பிரேஸ் ஹைட் 68 அங்குல வில்லுக்குச் சுமார் எட்டரையிலிருந்து ஒன்பது அங்குலம். நாணை முறுக்கிக் கொஞ்சம் ஏற்றலாம், ஓரளவுக்கு மேல் முடியாது. அளவு சொல்லிப் பின்ன வைக்க வேண்டும். நாணேற்றும் கயிறு ஒன்றும் வாங்கியே தீர வேண்டும். காலுக்கு நடுவே வில்லைக் கொடுத்து வளைத்துத்தான் பழைய லிம்புகள் பாதி முறுக்கிப்போகின்றன.

பழைய ரைசரில் பிளஞ்சர் ஓட்டையோ ஸ்டெபிலைசர் புஷ்ஷோ இல்லாமலும் இருக்கலாம், மரை வேறாகவும் இருக்கலாம். கையில் இருக்கிற ஸ்டெபிலைசர் ராடை ஒருமுறை திருகிப் பாருங்கள், இரண்டு சுற்றில் இறுகினால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அப்புறம் தூரம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர், அதற்கப்புறம் கோவை. அங்கேயும் கைவசம் எல்லாம் இருக்காது, வெளியூரிலிருந்து கூரியரில்தான் வரும். தவறான லிம்ப் வந்தால் மாற்றும் கூரியர் செலவும் உங்களுடையது. காரில் கொண்டுவருகிறீர்கள் என்றால் டிக்கியில் போடாமல் பின்சீட்டில், துணி போர்த்தி. வீட்டில் நாணை இறக்கி, பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுச் சாய்க்காமல் படுக்கவைத்து. அக்டோபர், நவம்பர் மழையில் பொட்டலத்தை வாரம் ஒருமுறை சூடு காட்டி எடுக்க வேண்டும்.

பரண் வில்லோடு சில சமயம் கூர் பிளேடு வைத்த வேட்டை முனைகளும் வரும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. காட்டெருமை தோட்டத்துக்குள் வருகிற ஊரில் வில்லோடு நடப்பவர்மேல் சந்தேகம் வரவும் கூடாது. வில்லைப் பையில் போட்டே கொண்டுபோங்கள்.

தம்பி என்ன செய்தார்

பாப்பாவுக்குப் பதினொரு வயது, இழுவை 24 அங்குலம்தான் வந்தது. 23 அங்குல மர ஐஎல்எஃப் ரைசர் ஒன்றும் 18 பவுண்டு ஷார்ட் லிம்பும் எடுக்கச் சொன்னேன். கணக்கு இப்படி: ரைசர் சின்னது, 2 கூடுகிறது, 20 பவுண்டு. 28-லிருந்து நான்கு அங்குலம் குறைவாக இழுக்கிறாள், இவ்வளவு லேசான லிம்பில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 1 குறைகிறது, விரலில் வருவது சுமார் 16. அந்த வயதுக்கு அது போதும், அரை மணி நேரம் முகம் சுளிக்காமல் விடலாம். அதே ரைசரில் தனக்கு மாட்ட 26 பவுண்டு மீடியம் லிம்ப் ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறார். கோவையில் ஒரு காலேஜ் பையன் ஒரு வருடம் விட்டது விலைக்கு இருக்கிறதாம், சனிக்கிழமை பஞ்சோடு போகிறார்.

பரண் வில்லை அவர் விற்கவில்லை, நானும் விற்கச் சொல்லவில்லை. 40 பவுண்டை ஒழுங்காக இழுக்க அவருக்கு இன்னும் ஒரு வருடம் ஆகும். அதுவரை லிம்பைக் கழற்றி அதே ஃபிளானல் துணியில் வைத்திருக்கிறார், துணியை மட்டும் துவைத்துவிட்டார். கூடவே இருந்த பழைய நாணைத் தூக்கிப்போடப் போனார், தடுத்துவிட்டேன். அதன் நூல் மக்கிப்போய்விட்டது, ஏற்றினால் அறுந்துவிடும். ஆனால் இந்தத் தனி இணைப்பு வில்லுக்கு எவ்வளவு நீளத்தில் டேக்ரான் நாண் பின்ன வேண்டும் என்பதற்கு நம்மிடம் இருக்கிற ஒரே அளவு அதுதான். இரண்டு ஆணி அடித்து நேராக இழுத்து அளந்து, ஒரு நுனிக் காதிலிருந்து மறு நுனிக் காது வரை எத்தனை அங்குலம் என்பதை ஒரு சீட்டில் எழுதி வில் பைக்குள் போட்டு வைத்தோம். பழைய வில்லோடு வருகிறவர்கள் அந்த நாணையும் எடுத்து வாருங்கள்.